தேனீக்களுக்கு வைத்த பந்தி

என் தொழில் கல்யாணச் சமையல். காரைக்குடியைச் சுற்றி எந்த ஊரில் மேளம் அடித்தாலும் கொல்லைப்பக்கம் வந்தால் என்னைப் பார்க்கலாம். முன்பக்கம் பார்க்க முடியாது. ஊருக்கெல்லாம் கல்யாணச் சாப்பாடு போட்ட எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால், "ஒரு நாள் சமையலுக்கே ஆயிரம் பேச்சுப் பேசித்தான் ஒத்துக்குவேன், ஆயுசுக்கும் சமையல்னா யாரு பேசி முடிக்கிறது?" என்பேன். சிரிப்பார்கள். பல வருடமாக ஓடுகிற ஜோக். கேட்கிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் எனக்குச் சிரமமில்லை.

என் கையில் இருக்கிற ஒரே வித்தை உப்புப் பார்ப்பது. கொதிக்கிற அண்டாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் விட்டு நக்கினால் போதும், இன்னும் ஒரு கை போடலாமா, இதோடு நிறுத்தலாமா என்று சொல்லிவிடுவேன். மற்றதெல்லாம் என் ஆட்களுக்கு என்னைவிட நன்றாக வரும். அவர்களுக்கு அது தெரியும். மரியாதைக்காகச் சொல்ல மாட்டார்கள்.

ஆவணியில் என் அண்ணன் இறந்துபோனார். கல்லலில் வீடு. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மழையிலும் காற்றிலும் கம்பத்தில் ஏறின காலத்திலெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் காலை, தரையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்று மதினியிடம் சொல்லிவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை. முதல் நாள் பந்தல்காரன் வந்தான், மறுநாள் சாம்பல் கரைக்கப் போனோம், அப்புறம் பதினாறாம் நாள் காரியம் வந்துவிட்டது. அதற்குச் சமையல் யார் போடுவது? வேறு ஆளை விட்டால் ஊர் சிரிக்கும். ஆகவே அண்ணன் காரியத்துக்கு நானே அடுப்பு மூட்டினேன். பந்திக்கு அப்பளம் வரவில்லை என்று கத்தினேன். இலைக்கு இலை குனிந்து, "இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொல்லவா?" என்று கேட்டேன். தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சாம்பாருக்கு உப்புப் போட்டாகளா தம்பி?" என்றார். நான் பார்த்தேனே, நன்றாகத்தான் இருந்தது என்றேன். துக்க வீட்டில் எதிர்த்துப் பேச வேண்டாம் என்று அவர் ஊறுகாயை இழுத்துக்கொண்டார்.

பிறகு தெரிந்தது, உப்புப் போடவே இல்லை. புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தது உண்மைதான். வெந்நீர் மாதிரி இருந்தது. அந்த நாட்களில் எல்லாமே வெந்நீர் மாதிரி இருந்ததால், சாம்பாரிடம் மட்டும் குறை காணத் தோன்றவில்லை. அன்றிலிருந்து என் ஆட்களில் மூத்தவரிடம், "உப்ப நீங்க பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன்.

காரியம் முடிந்து சொந்தங்கள் கிளம்பும்போதுதான் தேனீ கதை ஆரம்பித்தது.

அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு கொல்லையில், முருங்கை மரத்தடியில், இரண்டு தேனீப்பெட்டி வைத்திருந்தார். சிங்கம்புணரியில் பெட்டி விற்கிற ஒருவரிடம் வாங்கியது. எங்கள் பக்கம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் கிடையாது. நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவாவது கொடுத்தால்தான் வீட்டுக்காரருக்கு நிம்மதி. மதினி டப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

"அவுக கையால வளத்த தேனு. ஆளுக்கு ஒரு பாட்டில் ஊத்திக் குடுங்க தம்பி. யாருக்கும் இல்லைன்னு சொல்லீராதீக."

அண்ணன் தேன் எடுக்கிறதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாதி எடுப்பார், பாதியைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார். நான் பந்தி ஆள். பாத்திரத்தில் பாதியை வைத்துக்கொண்டு வந்தவரிடம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல என் வாய்க்கு வராது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெட்டியிலும் அடை அடையாக எடுத்து, துணியில் பிழிந்து, பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். நெற்றியிலும் காதிலும் கொட்டு வாங்கினேன். வலித்ததா என்றால், வீங்கியது. கடைசியாகக் கிளம்பினவர்களுக்கும் பாட்டில் கிடைத்தது. நல்லா நடத்தினீர்கள் என்று எல்லோரும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மதினிக்கு ஒரே மகள், திருப்பூரில் இருக்கிறாள். காரியம் முடிந்த மறுநாளே, "இங்குட்டுத் தனியா இருந்து என்ன செய்யப் போறீக? எங்ககூட வந்துருங்கம்மா" என்று ஆரம்பித்தாள். போனிலும் தினமும் அதேதான். மதினி ஒரே பதிலை வைத்திருந்தார்.

"பெட்டி இருக்கே. நான் வந்துட்டா அதுகள யாரு பாப்பா?"

அண்ணன் இருந்தவரை மதினி அந்த முருங்கை மரத்தடிக்கே போனதில்லை. துணி காயப்போடக்கூட எட்டத்தில்தான் கொடி கட்டியிருந்தார். இப்போது காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு போய், துவைகல்லில் உட்கார்ந்து பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

"காலையில கிளம்பிப் போகுதுக, சாயங்காலம் திரும்பி வந்துருதுக. இந்த வீட்டுல போனது திரும்பி வர்றது இதுக மட்டுந்தான் தம்பி."

எதற்கும் பதிலுக்கு ஒரு ஜோக் வைத்திருக்கிற ஆள் நான். அன்றைக்கு எழுந்து போய்க் குழாயைத் திருகி மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. வேலை இல்லாத நாளெல்லாம் சாயங்காலம் காரைக்குடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கல்லல் போவேன். மதினி தட்டில் சோறு போடுவார். சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். ஊருக்கே "சாப்பிட்டீகளா" என்று கேட்கிற என்னை, சாப்பிட்டீகளா என்று கேட்க இருக்கிற வீடு அது ஒன்றுதான். மதினி திருப்பூர் போய்விட்டால் அதுவும் இல்லை. பெட்டி இருக்கிறவரை மதினி இருப்பார். மதினி இருக்கிறவரை எனக்கு ஒரு தட்டு இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாத தூறல். தேனீக்கள் வெளியே வரவில்லை. வந்தாலும் போய் உட்கார ஒரு பூ இல்லை. ஒரு நாள் மதினி, "வாசல்ல ஒண்ணையும் காணோமே, உள்ள என்னதான் பண்ணுதுக?" என்று கேட்டபோது சிங்கம்புணரிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் எப்போதும் ஏதாவது ஒரு டீக்கடையில்தான் இருப்பார். பின்னால் கண்ணாடி டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்கும்.

"பெட்டியத் தூக்கிப் பாத்தீகளா?"

"தூக்கினேன்."

"கனம் இருக்கா?"

"வெறும் பெட்டியத் தூக்கின மாதிரி இருக்கு."

"தேன் எவ்வளவு விட்டு வச்சீக?"

பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கொடுத்ததைச் சொன்னேன்.

"சரியாப் போச்சு. பட்டினி கிடக்கு. சீனித் தண்ணி வைங்க. ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணி. தண்ணியக் கொதிக்க வச்சு இறக்கி, சீனியக் கரைச்சு, ஆற விட்டு, பொழுது சாயப் பெட்டிக்குள்ள வைங்க."

"எவ்வளவு வைக்கிறது?"

"கொஞ்சமா."

"கொஞ்சம்னா?"

"ஏங்க, நீங்க சமையக்காரர்தானே? ஒரு செரட்டை அளவு."

சிரட்டை அளவுக்குச் சமைக்க எனக்குத் தெரியாது. என்னிடம் இருக்கிற சின்னப் பாத்திரத்திலேயே ஒரு தெருவுக்குக் காப்பி போடலாம். அதில் காய்ச்சினேன். பெட்டிக்குள் வைக்கச் சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் விருந்தை இருட்டு மூலையில் ஒளித்துவைத்துப் போடுவார்களா? நாலு பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டாமா? மறுநாள் மழை விட்டுக் கொஞ்சம் வெயில் அடித்தது. நல்ல நேரம் என்று இரண்டு தாம்பாளத்தைக் கொண்டுவந்து துவைகல்மேல் வைத்து, சீனிப்பாகு ஊற்றி, முழுகிவிடாமல் இருக்க வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டேன். அதாவது, கொல்லையில் பந்தி விரித்துவிட்டேன்.

மதினி பின்வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன கொழுந்தனாரே, இலை போடலையா?"

"அடுத்த பந்திக்குப் போட்டுருவோம் மதினி."

முதலில் ஒன்று வந்தது, பிறகு பத்து வந்தன. கொஞ்ச நேரத்தில் தாம்பாளத்தின் விளிம்பு தெரியவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சத்தமில்லாமல், ஊறுகாய் வரவில்லை என்று யாரும் கையைத் தூக்காமல் நடந்த பந்தி அதுதான். பிறகு அழையாத விருந்தாளிகள் வந்தார்கள். குளவி வந்தது. எறும்பு வரிசை கட்டியது. எங்கிருந்தோ வேறு தேனீக்கள் வந்தன. பாகு தீர்ந்தது. தீர்ந்த பிறகுதான் வினை. ருசி கண்டது கிளம்பிப் போகுமா? இன்னும் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தன. வலதுபக்கப் பெட்டியில் இருந்தவை ஏற்கெனவே குறைந்து, சோர்ந்துபோய்க் கிடந்தவை. வந்ததெல்லாம் அதன் வாசலில் மொய்த்தது. இடதுபக்கப் பெட்டியும் சேர்ந்துகொண்டது. பக்கத்துப் பெட்டிதான், பங்காளிதான், இருந்தாலும் சேர்ந்துகொண்டது. வாசலில் ஒன்றை ஒன்று கட்டிப் புரண்டு கீழே விழுந்தன. நான் துண்டை வீசிக்கொண்டு அங்குட்டும் இங்குட்டும் ஓடினேன். பந்தியில் சண்டை வந்தால் விலக்கிவிட்டுப் பழக்கம் உண்டு. இங்கே யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்று தெரியவில்லை.

மறுநாள் காலை வலதுபக்கப் பெட்டியில் சத்தமே இல்லை. திறந்தேன். அடைகளைக் கடித்துத் துருவிப் போட்டிருந்தது. அடிப்பலகை முழுக்க மெழுகுத் தூள். நடுவில் செத்தவை. மீதி எங்கேயோ போய்விட்டன.

சிங்கம்புணரிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். டீயை உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது.

"வெளிய வச்சீகளா?"

"ஆமா."

"பட்டப்பகல்லயா?"

"வெயில் அடிச்சுச்சு, அதான்."

"ஏங்க, அண்டாவத் தெருவுல தொறந்து வச்சுட்டு, வர்றவுகெல்லாம் வாங்கன்னு கூப்பிட்டா என்ன ஆகும்?"

"நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்."

"அது மனுசனுக்கு. தின்னுட்டு மொய் எழுதிட்டுப் போவான். இது தின்னுட்டு வீட்டையும் பிரிச்சு எடுத்துட்டுப் போகும். மிச்சம் இருக்கிற பெட்டியோட வாசலையாச்சும் ஒரு விரல் அகலத்துக்கு அடைச்சு வைங்க. சொட்டுகூட வெளிய சிந்தக் கூடாது. சொன்னா சொன்னபடி செய்யிங்க."

மதினியிடம் எப்படிச் சொல்வது என்று வண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவரே கேட்டார்.

"எது போச்சு?"

"வலதுபக்கம்."

"இடதுபக்கம் இருக்குல்ல?"

"இருக்கு."

"சரி, கையக் கழுவிட்டு வாங்க."

சோறு, ரசம், புடலங்காய்க் கூட்டு. எதிரில் உட்கார்ந்து, "நல்லா இருக்கா?" என்று கேட்டார். தினமும் கேட்பார். "நல்லா இருக்கு மதினி" என்றேன். தினமும் சொல்வேன். அப்போது திருப்பூரிலிருந்து போன் வந்தது. மதினி என்னைப் பார்க்காமல் பேசினார்.

"பெட்டியா? இருக்கு, இருக்கு. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அதுகள விட்டுட்டு நான் எப்படிடீ வர்றது?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு ரசத்தைக் குடித்து முடித்தேன்.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தேன். பொழுது சாயும் நேரம், ஒரு சிரட்டை, வைக்கோல் துண்டு, மூடியைத் தூக்கி, அடை தொங்குகிற மரச்சட்டங்களுக்கு மேலே வைத்து மூடிவிடுவது. பெட்டிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம், எறும்புக்கு. வேலை இருக்கிற நாட்களில் மதினி வைத்தார். முதல் நாள் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு போனார். "சிரிக்கிறதா இருந்தா அங்குட்டுப் போய்ச் சிரிங்க" என்றார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. சிரிக்க வேண்டிய காட்சி என்று எனக்குத் தெரிந்தது. யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி தெரிந்தது. பாகும் அப்படித்தான். ஒரு நாள் பழக்கதோஷத்தில் புறங்கையில் விட்டு நக்கினேன். இனிப்பு என்று தெரிந்தது. இனிக்கவில்லை.

கார்த்திகையிலும் மழை நிற்கவில்லை. சிரட்டை காலியாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெட்டியில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. மறுபடியும் போன்.

"முட்டை, புழு ஏதும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"சீனித் தண்ணி வெறுஞ்சோறு மாதிரி. உசுரு நிக்கும், அவ்வளவுதான். குஞ்சு வளக்கணும்னா மகரந்தம் வேணும். மழையில மகரந்தத்துக்கு எங்க போறது? நம்மதான் செஞ்சு குடுக்கணும். பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் பால் பவுடரு, சீனிய நல்லாப் பொடிச்சு எல்லாத்தையும் கலந்துக்கங்க. தேன் விட்டுப் பிசைஞ்சு உருட்டி, எண்ணெய்த்தாள்ல தட்டி, சட்டத்து மேல வச்சிருங்க. கடைத் தேன் வேணாம், அதுல என்ன சீக்கு இருக்கோ. உங்க பெட்டித் தேனாப் பாத்து ஊத்துங்க."

பொட்டுக்கடலை மாவு, சீனிப்பொடி, உருண்டை. இந்த மூன்று வார்த்தையையும் செட்டிநாட்டுச் சமையல்காரனிடம் சேர்த்துச் சொல்லக் கூடாது. என் கைக்குத் தெரிந்தது மாவுருண்டைதான். எத்தனையோ கல்யாணச் சீருக்கு ஓலைப்பெட்டி நிறைய உருட்டிய கை. அதுவும் போக, பெட்டித் தேனுக்கு எங்கே போவது? எல்லாம் பாட்டில் பாட்டிலாக ஊர் ஊராகப் போய்விட்டது. தேன் எதற்கு, மாவு பிடிபடுவதற்குத்தானே என்று நினைத்தேன். நெய்யை உருக்கி ஊற்றினேன். ஊற்றிய பிறகு கை தானாக ஏலக்காய்க்குப் போனது. முந்திரி போடவில்லை. அந்த அளவுக்கு முட்டாள் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மூடியைத் தூக்கினால், தட்டி வைத்த உருண்டை வைத்த மேனிக்கு இருந்தது. அதைச் சுற்றி வட்டமாக இடம் விட்டுத் தேனீக்கள் ஒதுங்கி நின்றன. மணவறையில் தெரியாத ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டால் சொந்தக்காரர்கள் நிற்பார்களே, அப்படி.

அதை எடுத்துப்போட்டுவிட்டு, பாத்திரத்தில் இருந்த மீதி உருண்டைகளைக் கொல்லையில் கொட்டப் போனேன். மதினி பாத்திரத்தை வாங்கி மோந்து பார்த்தார். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். நின்றபடியே முழுசாகத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். அண்ணன் போன பிறகு அவர் எதையும் இரண்டாவது தடவை எடுத்து நான் பார்த்ததில்லை.

"ஏலக்கா கூடிப்போச்சு" என்றார். "தேனீக்கு எதுக்கு ஏலக்கா?"

"வாசனைக்கு."

"நெய்யி?"

"தேன் விட்டுத்தான் பிசையச் சொன்னாரு. அதுவும் நம்ம பெட்டித் தேன். அதுதான் இல்லையே. எல்லாத்தையும் குடுத்துட்டோமே."

மதினி பாத்திரத்தைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு பாட்டில் தேன் இருந்தது. நான் அன்று ஊற்றிய பாட்டில்தான். மூடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

"எல்லாருக்கும் குடுங்கன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, நான் மட்டும் ஒண்ண ஒளிச்சு வச்சுட்டேன்."

"மதினி, அது அண்ணன் தேன். அது ஒண்ணாச்சும் உங்ககிட்ட இருக்கட்டும். நான் சிங்கம்புணரிக்காரருகிட்டயே கேட்டு வேற ஏதாச்சும்..."

"அண்ணன் தேனா? அவுகளா பூவுபூவாப் போய்க் குடிச்சு எடுத்துட்டு வந்தாக?" என்றார். "அதுக தேனு. அதுகளுக்கே போகட்டும். பிசைங்க."

அடுப்படியில் தாளை விரித்துப் புதிதாக மாவு கலந்தோம். அவர் ஊற்றினார், நான் பிசைந்தேன். நெய்ப் பாத்திரத்தை என் கைக்கு எட்டாத அலமாரியில் தூக்கி வைத்துவிட்டுத்தான் ஊற்ற ஆரம்பித்தார். பாட்டிலை ஒரே தடவையில் தீர்க்கவில்லை. உருண்டைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் விட்டார். எனக்கு அந்த அளவு வராது. அவருக்கு வந்தது.

மறுநாள் மூடியைத் தூக்கியபோது உருண்டையின் ஓரம் கொறித்திருந்தது. அடுத்த நாள் பாதியைக் காணோம். "கொழுந்தனார் சமையலுக்கு இப்பத்தான் நல்ல பேரு" என்றார் மதினி. நான் எண்ணெய்த்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். நெய் உருண்டையையும் வீணாக்கவில்லை. தினமும் காப்பியோடு ஒன்று என்று அவரே தின்று தீர்த்தார்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, எனக்கு வேலை இல்லை. தினமும் போனேன். பாட்டிலில் தேன் இறங்கிக்கொண்டே வந்தது. பெட்டியில் இருப்பவை பொங்கல் வரை தாங்குமா என்று இருவரும் பேசவில்லை. பேசாமலே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். திருப்பூர்ப் பெண் பொங்கல் முடிந்ததும் காரோடு வந்து அம்மாவைக் கையோடு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள். மதினி ஒரு பையில் கொஞ்சம் புடவைகளை எடுத்து வைத்திருந்ததையும் பார்த்தேன். கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

கடைசி உருண்டையைப் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டி, கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி ஊற்றிப் பிசைந்தோம். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை. மேலே லேசாக வறண்டுகூட இருந்தது. எனக்கு அந்த வட்டம்தான் ஞாபகம் வந்தது, ஒதுங்கி நின்ற வட்டம். மறுபடியும் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதினி துவைகல்லிலிருந்து கூப்பிட்டார். ஹெல்மெட்டெல்லாம் விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

"தம்பி, மேல என்னத்தப் பாக்குறீக? இங்குட்டு வாசலப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது. வந்து இறங்குகிற தேனீக்களின் பின்னங்காலில், இரண்டு பக்கமும், மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை. பூவிலிருந்து சேர்த்து எடுத்து வந்த மகரந்தம். ஒன்று இறங்கி உள்ளே போனது, பின்னாலேயே இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே முருங்கை பூத்திருந்தது. தினமும் அதன் அடியில் வந்து நின்ற நான் ஒரு நாளும் மேலே பார்க்கவில்லை.

"உங்க சமையலு இனிமே வேணாமாம்" என்றார் மதினி.

சிங்கம்புணரிக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப நிறுத்திருங்க. வேணும்னு வந்தா மட்டும் போடுங்க, வம்படியாப் பிடிச்சு உக்கார வச்சுப் போடாதீக" என்றார். நாற்பது வயதில் கேட்டிருந்தால் தொழிலுக்கு உதவியிருக்கும்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மதினி தட்டு வைத்தார். அவரும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். சோறு, பருப்பு, கொத்தவரங்காய். திருப்பூர்ப் போன் வந்தது.

"பொங்கலுக்கு வாங்க. எல்லாரும் வாங்க, பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. நான் வரல. இல்லடீ, நான் வரல. ரெண்டு பெட்டி இல்ல, ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணு ஐப்பசியிலயே போச்சு. மிச்சம் ஒண்ணு இருக்கு. நல்லா இருக்கு. அதப் பாத்துக்கணும்."

போனை வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். புடவைப் பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன். இன்னொரு வாய் வைத்தேன். எங்கேயோ என்னமோ உறுத்தியது. பருப்பை மட்டும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"மதினி, உப்புக் கம்மியா இருக்கு."

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"அவுகளுக்குப் பிரஷர்னு டாக்டரு கொறைக்கச் சொன்னாருல்ல, அப்பக் கொறைச்சது. அப்புறம் கூட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். "ஆவணியிலருந்து இந்தச் சாப்பாட்டத்தான் சாப்புடுறீக. தெனமும் நல்லா இருக்குன்னீகளே?"

என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. மூக்கு ஒழுகியது. துண்டால் துடைத்துக்கொண்டேன். அது நிற்கவில்லை.

மதினி எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தார்.

"எவ்வளவு போடணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.